நீல விளக்கு எரியும்வரை

பவளத்தின் அடியில் ஏதோ படிந்திருந்தது. கிட்டப் போனால் தெரிந்தது, எட்டி நின்றால் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினால் இருந்தது, சிமிட்டினால் இல்லை. தவமணி காலையில் முகம்கூடக் கழுவாமல் கண்ணாடித் தொட்டியின் முன் குனிந்தபோதே அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல அடுப்படிக்குப் போய்த் தோசை வார்த்தாள், துணி மடித்தாள், தங்கச்சியோடு போனில் பேசினாள், மதிய ரசத்தில் உப்புப் போட மறந்தாள். இப்போது சாப்பாடெல்லாம் முடிந்து, பக்கத்து அறையில் கணவர் குணாளன் கட்டிலில் சாய்ந்துவிட, கூடத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கொம்பு. மேல் பாதி ஊதாவும் பழுப்புமாக உயிரோடு இருக்கிறது, கீழ்ப் பாதி வெறும் வெள்ளை எலும்பு. உயிர் முடிந்து எலும்பு தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு மேலே ஏறுகிறதா, நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இத்தனை வாரமாக அவளுக்கு வேலை, வழிபாடு, வியாதி எல்லாம். இன்றைக்குக் கோட்டுக்குக் கீழே, எலும்பின் மேல், இந்தப் படிவு. சதையா, பாசியா? சதையென்றால் பவளம் பிழைத்துத் தன் எலும்பைத் தானே மறுபடி போர்த்திக்கொண்டு இறங்கி வருகிறது. பாசியென்றால் செத்த இடத்தில் குடியேறிவிட்டது, இனி மேலே ஏறி மிச்சத்தையும் முடித்துவிடும். இரண்டும் தொடக்கத்தில் ஒரே மங்கல் நிறம்தான், வீட்டு வெளிச்சத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. தொட்டிக்கு மேலே தொங்குகிற நீல விளக்கு எரிந்தால் தெரிந்துவிடும். நீலத்தில் இந்தப் பவளத்தின் சதை பச்சையாகச் சுடரும், பாசி செக்கச் செவேலென்று நிற்கும். விளக்கு மூன்று மணிக்குத் தானாக எரியும். சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது, தட்டினால் இப்போதே எரியும். ஆனால் பவளத்துக்கு வெளிச்சத்தின் நேரம் மாறக் கூடாது, அதுவும் நோயில் கிடக்கிற பவளத்துக்கு. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். பொறுமையாவது மண்ணாவது. பயம். சுவிட்சைத் தட்டிச் சிவப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

நான்கு மணிக்கு ஜெயசீலன் வேறு வருகிறார். சிங்கப்பூரில் வீட்டில் பவளம் வளர்க்கிற தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் ஜெயசீலன்தான் பெரிய கை. ஈசூனில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. சோபாவே அதைப் பார்த்துத்தான் போட்டிருப்பார், டீவி கிடையாது. அதற்குள் ஊதா நுனிக் கொம்புப் பவளம் ஒன்று மேசை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. முதல் தடவை போனபோது தவமணி அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான், அவர் மனைவி கொண்டுவந்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. இந்தப் பழக்கம் உள்ளவர்களிடையே ஒரு முறை உண்டு. நல்ல பவளம் வளர்ந்தால் நுனி நறுக்கி இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துவிட வேண்டும். தருமத்துக்கு அல்ல. நாளைக்கு உன் தொட்டி கெட்டு எல்லாம் செத்தால் போய்க் கேட்க ஒரு வீடு வேண்டும், அதற்கு. ஜெயசீலன் மட்டும் கொடுக்க மாட்டார். ஊருக்கெல்லாம் ஆயுள் காப்பீடு விற்கிற மனுஷர், தன் பவளத்துக்கு மட்டும் காப்பீடு எடுக்கவில்லை. 'இது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு, தெரியும்ல?' என்பதில் அவருக்கு அப்படியொரு சுகம். கடைசியில் கண்ணாடி துடைக்கும்போது அவர் முழங்கை பட்டு ஒரு நுனி ஒடிந்தது. அன்றைக்குப் பார்த்து அங்கே உட்கார்ந்திருந்தவள் தவமணி. ஒடிந்த துண்டை பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு போட்டுக் கட்டி அவள் கையில் கொடுத்து, "ஒரு வாரம் தாங்குனா பெரிசு, சிஸ்டர்," என்று சிரித்தார். கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் இருந்த சீனப் பெண்மணி இடம் கொடுக்க எழுந்துவிட்டாள், பாவம், என்ன நினைத்தாளோ. ஒரு வாரம் தாங்கியது. ஒரு வருஷமும் தாங்கியது. வேலை பார்க்கிற பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாயை எக்ஸ்ரே எடுத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகிறவரை எண்ணுவாள். சுண்ணாம்பும் காரமும் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கரைத்து ஊற்றுவாள். எலும்பு கட்டுகிற உயிருக்குச் சுண்ணாம்பு குறையக் கூடாது, கூடவும் கூடாது. நேற்று இருந்தது போலவே இன்றைக்கும் கடல் இருக்கிறது என்று அது நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் இத்தனை பாடு. போன வாரம் ஜெயசீலனின் போன். குரலே இல்லை. அவரும் மனைவியும் பினாங்குக்குப் போயிருந்த நேரத்தில் தண்ணீரைக் குளிர வைக்கிற எந்திரம் நின்றுவிட்டதாம், பூட்டிய வீடு, திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்க வெந்து வெளுத்து நாறுகிறதாம். "சிஸ்டர், அந்தத் துண்டு... உயிரோட இருக்கா?" என்றார். அதைக் கேட்டபோது அவள் எலும்பாகிப்போன பாதிக் கொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குண்ணே," என்றாள். வாய் தானாகச் சொன்னது. நல்லா இருக்காம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இவளே எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கனம் இது. ஊர் உலகத்தில் அந்தப் பவளத்தில் மிச்சமிருப்பது இவ்வளவுதான், இந்தப் பாதி, அதற்குக் கீழே பச்சையோ சிவப்போ தெரியாத ஓர் ஓரம்.

ஓரம் இப்போது கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தவமணி கண்ணை மூடித் திறந்தாள், ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள், மூக்கு கண்ணாடியில் முட்டி ஆவி படர்ந்தது, முந்தானையால் துடைத்தாள். தண்ணீரை அரைக்கிற மோட்டாரின் முனகலுக்குக் கீழே குறட்டைச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குணாளன் தூங்கவில்லை. தூங்குவது போலக் கிடக்கிறார். செய்த வேலை அப்படி. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூருக்குப் போகும்போது இவள் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அதனால் குறைகிற அளவுக்குச் சுத்த நீர் ஊற்ற வேண்டும், சுத்த நீர் இதோ இந்தக் கேன்களில், வேறு தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. "சரி தவம், சரி தவம்," என்று தலையாட்டினார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இவள் போனில் படம் அனுப்பச் சொல்லுவாள், அவர் அனுப்புவார், படத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பவளமல்ல, கேன்கள். ஒன்றும் குறையாமல் நிறைய நிறைய நின்றன. தொட்டிக்குள் நத்தைகள் ஓட்டோடு மல்லாந்து கிடந்தன. "அப்போ என்னத்தங்க ஊத்துனீங்க?" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "அந்தத் தண்ணியில என்ன சத்து இருக்கு தவம்? சப்புன்னு இருக்கு. நான் குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துனேன்." அவர் குடிக்கிற தண்ணீர் என்றால் செப்புக்குடத்துத் தண்ணீர். முட்டி வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லித் தேக்கா சந்தையில் வாங்கிவந்த குடம். புளி போட்டுத் துலக்கி, ராத்திரியே நிரப்பி மூடி வைத்து, விடிந்ததும் அதில்தான் குடிப்பார், மூட்டுக்கு, வயிற்றுக்கு, ரத்தத்துக்கு எல்லாவற்றுக்கும் நல்லது என்பார். மனுஷனுக்கு நல்லதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பவளத்துக்குத் தாமிரம் விஷம். தண்ணீருக்குள் கை விடுவதற்கு முன்னால் தங்க வளையலில் கலந்திருக்கிற செம்புக்குப் பயந்து வளையலைக்கூடக் கழற்றி வைக்கிறவள் தவமணி. அவள் வீட்டில், அவள் தொட்டியில், தினம் ஒரு சொம்பாக, ஆசை ஆசையாக விஷத்தை ஊற்றியிருக்கிறார் அவள் புருஷன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும். கண்ணீர் வந்தது, கோபத்திலா இரக்கத்திலா என்று பிரிக்க முடியவில்லை, ஏனென்றால் தனக்கென்று வைத்திருந்த நல்ல தண்ணீரைத்தானே கொடுத்திருக்கிறார்? அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் கொண்டுவந்து நீட்டுவார். மறுநாள் குடத்தைக் காணோம். எங்கே என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. பாதித் தொட்டித் தண்ணீரை இறைத்துப் புதிய உப்புத் தண்ணீர் நிரப்புவது, மறுபடி இறைப்பது. செம்பை உறிஞ்சுகிற மருந்துப் பையைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தொங்கவிட்டு, அது நிறம் மாற மாற மாற்றுவது. வாளி தூக்கியது முழுக்க அவர்தான், முட்டி வலியோடு, வாயைத் திறக்காமல். கூட இருந்த மூளைப் பவளம் போயிற்று, பூப்போல விரிகிற இன்னொன்றும் போயிற்று, அழுதுகொண்டே எடுத்து வெளியே போட்டாள். இந்தக் கொம்பு மட்டும் அடியிலிருந்து சதை உரிய உரிய மேலே பிடித்துக்கொண்டு நின்றது. மருத்துவமனையில் தினமும் பார்க்கிறாளே, ஈறு இறங்கி வேர் தெரிகிற பல், ஆட்டம் கண்ட பல். இறங்கின ஈறு திரும்ப ஏறாது என்று எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது? ஞாபகமில்லை. பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒருவேளை இதுவும் இறங்கின ஈறுதானோ, போனது போனதுதானோ, இவள்தான் பித்துப் பிடித்துக் கடல் செத்த பிறகும் கரையில் உட்கார்ந்திருக்கிறாளோ? இவளுக்குச் செவ்வாய் தோஷம் என்று பதினெட்டு வயதில் பவள மோதிரம் போட்டுவிட்டார்கள். பவளம் போட்டால் செவ்வாய் அடங்கும், மாப்பிள்ளை வருவான் என்றார்கள், மோதிரம் தேய்ந்ததுதான் மிச்சம், குணாளன் வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு. அந்தச் சிவப்புக் கல்லும் ஒருகாலத்தில் வாய் திறந்து தின்று, கூட்டமாக வாழ்ந்த உயிர் என்பது தொட்டி வைத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே கழற்றிவிட்டாள். செத்த பவளம் ஒன்றும் செய்யவில்லை, உயிருள்ள பவளமாவது ஏதாவது செய்யட்டுமே என்று அபத்தமாக ஓர் எண்ணம் ஓடியது. என்ன செய்ய வேண்டும் அது? ஒன்றும் செய்ய வேண்டாம். இருந்தால் போதும். அது இருந்தால் ஜெயசீலன் முன்னால் தலை நிமிரும், அது உண்மைதான், அந்தப் பெருமை இவளுக்கு வேண்டும், இல்லையென்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் அதற்கும் மேலே, உள்ளே படுத்துத் தூங்காமல் கிடக்கிறாரே அந்த மனுஷர், அவர் இதையும் கொன்றவராகக் காலம் தள்ளக் கூடாது. அதைத்தான் இத்தனை நாளாக அவள் வெளியே சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், எந்தச் சாமியிடம் என்று தெரியாமல்.

"விளக்கப் போட்டுப் பாத்திடலாமே தவம்?" என்றார் குணாளன். எப்போது எழுந்து வந்தாரோ, அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை, அன்றையிலிருந்து தொட்டிக்குக் கிட்டே வாளியோடு மட்டும்தான் வருவார். "நேரம் மாத்தக் கூடாதுங்க," என்றாள். "இல்ல, நீ காலையிலேர்ந்து..." "தெரியும்." "ரசத்துல உப்பு இல்ல." "அதும் தெரியும்." சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் ஓடும், அதில் மூன்று தாண்டிவிட்டது, விளக்கு எரியவில்லை. கெட்டுப்போய்விட்டதோ? இன்றைக்குப் பார்த்தா? பிளக் கழன்றிருக்குமோ, காலையில் கூட்டும்போது விளக்குமாறு பட்டதே? எழலாம் என்று முக்காலியில் கையூன்றினாள், முட்டி மரத்துப்போயிருந்தது. அப்போது தலைக்கு மேலே க்ளிக் என்றது.

நீலம் முதலில் மங்கலாகத்தான் வரும், விடியற்காலைபோல, அப்படித்தான் அவளே அமைத்து வைத்திருந்தாள், அதற்காகத் தன்னையே திட்டினாள். சுவர் நீலமானது. அவள் கையின் நரம்பு நீலமானது. மணல், பாறை, பம்பு, எல்லாம் நீலத்தில் அமிழ்ந்தன. கொம்பின் நுனி முதலில் பச்சையானது, அது எப்போதும் ஆவதுதான், அவள் பார்வையைக் கீழே இறக்கவில்லை, நுனியிலேயே பிடித்து வைத்தாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், நுனியில் குட்டிக் குட்டிக் கைகள் வெளியே நீண்டிருந்தன, பட்டப்பகலில் அவை நீண்டு எத்தனை நாளாயிற்று, பிறகு மெல்ல, இட்டலி வெந்ததா என்று மூடியைத் திறக்கிற மாதிரி மெல்ல, கண்ணைக் கீழே கொண்டுபோனாள். கோடு இருந்த இடத்தில் கோடு இல்லை. பச்சை. கோட்டுக்குக் கீழேயும் பச்சை. எலும்பின் மேல் ஒரு நகக்கண் அகலத்துக்குச் சுற்றிவர, ஓரம் மட்டும் வெளுத்து, புதுச் சதை பச்சையாக எரிந்தது. சிவப்பு? சிவப்பைத் தேடினாள். முன்னால் தேடினாள், பக்கவாட்டில் போய்த் தேடினாள், தரையில் மண்டியிட்டு அடியிலிருந்து அண்ணாந்து தேடினாள். இல்லை. எங்கேயும் இல்லை. இறங்கி வந்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தாயா என்று தன் எலும்பைத் தானே போர்த்திக்கொண்டு இறங்கி வருகிறது! ஈறாவது பல்லாவது, இது அந்தச் சட்டத்துக்கெல்லாம் அடங்காத சாதி. தவமணிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், ஐம்பது வயதுப் பொம்பளை தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, நீல வெளிச்சத்தில், பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம் என்ன நினைத்தாலும் சரி என்று சிரித்தாள். "என்ன தவம், என்ன?" என்றார் குணாளன். "வாங்க. கிட்ட வந்து பாருங்க." "வேணாம், நீயே சொல்லு." "வாங்கன்னா!" அவர் வந்தார். முட்டியை மடக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் விரலால் கண்ணாடிமேல் காட்டினாள், இதுவரைக்கும் செத்திருந்தது, இப்போ இதுவரைக்கும் உயிர். அவர் வெகுநேரம் பார்த்தார். "இத நான் கொல்லலியே?" என்றார். "இல்லீங்க," என்றாள். தோளைப் பிடித்திருந்த கை கனத்தது, அப்படியே கனக்கட்டும் என்று இருந்தாள்.

ஜெயசீலன் நான்கு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஆளே பாதியாகியிருந்தார். காப்பி வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை, செருப்பைக் கழற்றிய வேகத்தில் தொட்டியிடம் போனார். தவமணி தள்ளி நின்றாள். அவர் பார்த்தார், இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார், பிறகு பவளக்காரர்கள் எல்லோரும் முதலில் பார்க்கிற இடத்தைப் பார்த்தார், அடியை. "ஏதோ ஆயிருக்கே சிஸ்டர். பாதி போயி வந்திருக்கே." காலையில் இதைக் கேட்டிருந்தால் அவள் பூமியில் புதைந்திருப்பாள். இப்போது நிமிர்ந்து நின்று சொன்னாள். "தாமிரம் எறங்கிடுச்சுண்ணே. போன்ல உங்ககிட்ட நல்லா இருக்குன்னு சொன்னது பொய். இப்ப நல்லா இருக்கு." ஜெயசீலன் திரும்பினார். "தாமிரமா? எங்கேர்ந்து?" அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் குணாளன், "நாந்தான் ஊத்துனேன்," என்றார், "செப்புக்குடத்துத் தண்ணி." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தும்விட்டார். ஜெயசீலன் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார். "தாமிரத்துல தப்பிச்ச கொம்புப் பவளத்த நான் கண்ணால பாத்ததில்ல," என்று தனக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த வார்த்தை தவமணியின் காதில் விழுந்து, நெஞ்சில் இறங்கி, உச்சி வரை ஏறிற்று. மறைக்கவில்லை, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

ஜெயசீலன் தன் தொட்டியைக் கழுவி ஒரே ஒரு பாறை மட்டும் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார், தண்ணீர் நிலைத்துவிட்டது என்றார், புது எந்திரம் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டாராம். கடைசியாக, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நுனியில ஒரு அரிசியளவு..." என்றார். கேட்டே பழகாத வாய், கேட்கத் தெரியாமல் பாதியில் நின்றது. தவமணி தனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கைக்கு அகப்படவில்லை. அந்த மேசை அகலப் பவளத்தை அவளும்தானே பார்த்திருக்கிறாள், அது வெந்துபோன வீட்டில் அந்த மனுஷர் அந்தச் சோபாவில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறார்? ஆனாலும் இது வேறு. "இல்லண்ணே," என்றாள். "இப்ப நறுக்குனா தாங்காது. அடி முழுக்க மூடட்டும், கெளை விடட்டும். அப்புறம் மூணு பேருக்குக் குடுப்பேன். நீங்க அதுல ஒருத்தர்." அவர் தலையாட்டினார். வாதாடவில்லை. வாதாட வருவார் என்று அவள் காலையிலிருந்து மனசுக்குள் தயாரித்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாயின. "அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போகலாமா?" என்றார். "தாராளமா வாங்க," என்றாள் தவமணி, "தண்ணி மாத்தி மாத்தி உப்பு தீந்துபோச்சு. வர்றப்ப ஒரு வாளி உப்பு வாங்கிட்டு வாங்க." ஜெயசீலனுக்கே வேலை சொல்கிறாளே என்று குணாளன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். ஜெயசீலன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், குறித்துக்கொள்ள ஒரு பக்கத்தைத் திறந்தார், தலையை நிமிர்த்தினார்.

"எந்த உப்பு, சிஸ்டர்?" என்று கேட்டார், ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று சிரித்த அதே மனுஷர்.

தவமணி சொன்னாள்.